மீன் தொட்டிக்குள் சட்டிச் செடி: அடிமண் பரப்பாமல் நீர்ச்செடி வளர்க்கும் முழு வழிகாட்டி

நன்றாக வேர் பிடித்த கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி ஒன்றை மீன் தொட்டி மணலிலிருந்து பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு சாண் இலைதான் இருக்கும். கீழே இழுக்க இழுக்க வேர் வந்துகொண்டே இருக்கும். பாதி வேர் மணலுக்குள்ளேயே அறுந்து தங்கிவிடும், கூடவே அடியில் படிந்திருந்த அழுக்கெல்லாம் புகை மாதிரி மேலே கிளம்பும். இடம் மாற்றி நட்ட சில நாளில் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைய ஆரம்பிக்கும்.

சட்டியில் வளர்ப்பதன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது. வேரைத் தொடாமலேயே செடியை நகர்த்தலாம். தொட்டியைக் கழுவ வேண்டுமா, மீனுக்கு மருந்து போட வேண்டுமா, குஞ்சுகள் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டுமா, சட்டியோடு தூக்கினால் போதும். அடியில் மணல் இல்லாததால் மீன் கழிவும் மிச்சத் தீவனமும் வெறும் கண்ணாடி மேல் கிடக்கும். குழாயை வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். தங்கமீன், சிக்லிட் போன்ற தோண்டும் மீன்களை வளர்ப்பவர்களுக்குச் செடி வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செடிக்கு அந்தச் சட்டிதான் மொத்த நிலமும். பரந்த மணலில் ஒரு இடம் சரியில்லை என்றால் வேர் வேறு பக்கம் போய்விடும். சட்டிக்குள் அது நடக்காது. அதனால் சட்டியின் அளவு, உள்ளே போடும் மண், அந்த மண்ணுக்குள் கொஞ்சமாவது தண்ணீர் ஊடாடுவது, இந்த மூன்றையும் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் சுலபம்.

(கீழே தொட்டி என்று எழுதும் இடமெல்லாம் மீன் தொட்டி. சட்டி என்றால் செடி நிற்கும் கலம், அது மண்ணாலானதோ கண்ணாடியோ எதுவாக இருந்தாலும்.)

முதல் படி: எந்தச் செடிக்குச் சட்டி வேண்டும்?

நீர்ச்செடிகள் எல்லாம் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. அமேசான் வாள் செடி, கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா, அபோனோகீட்டன், டைகர் லோட்டஸ் ஆகியவை பெரும்பாலும் வேர் வழியாகச் சத்து எடுப்பவை. இவற்றுக்குத்தான் சத்துள்ள மண் நிரம்பிய சட்டி உண்மையிலேயே தேவை.

ஹைக்ரோஃபிலா, லுட்விஜியா, ரோட்டாலா, பக்கோப்பா போன்ற தண்டுச் செடிகள் இலை வழியாகத் தண்ணீரிலிருந்தும் தாராளமாகச் சத்து எடுத்துக்கொள்ளும். இவற்றுக்குச் சட்டி ஒரு பிடிமானம், அவ்வளவுதான். வெறும் சல்லியே போதும்.

மூன்றாவது வகையில்தான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், புசெபலாண்ட்ரா ஆகியவற்றுக்குப் படுக்கைவாட்டில் ஓடும் தடித்த தண்டு ஒன்று உண்டு. அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், அதோடு செடியும் போய்விடும். சட்டியில் வைக்க ஆசைப்பட்டால் கூழாங்கற்களை நிரப்பி, செடியை ஒரு கல்லில் நூலால் கட்டி மேலே உட்கார வையுங்கள். வேர் தானாகக் கற்களுக்கு நடுவே இறங்கிக்கொள்ளும். ஹார்ன்வொர்ட் செடிக்கு வேரே கிடையாது, அதைச் சட்டியில் நட்டுப் பயனில்லை. மிதக்க விடுங்கள்.

முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது கிரிப்டோகோரைன் வென்ட்டியை. மெதுவாக வளரும், சுமாரான வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும், நடுத்தரச் சட்டியில் நெடுநாள் இருக்கும். அமேசான் வாள் பார்க்க அழகுதான், ஆனால் வேர் அசுர வேகத்தில் போகும். சிறிய சட்டியில் அதை வைத்தால் சில மாதத்திலேயே மண்ணைவிட வேர்தான் அதிகம் இருக்கும்.

வாலிஸ்நேரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தங்கமீன், வாலிஸ்நேரியா, நத்தை ஆகிய மூன்றும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று வாழவைப்பதை ஆராய்ந்து எழுதினார். இன்றைய மீன் தொட்டிக்கெல்லாம் முன்னோடி அந்தக் கலம். அன்று அவருக்குக் கைகொடுத்த அதே செடி இன்றும் புதியவர்களைக் கைவிடுவதில்லை. சட்டியில் வைக்கும்போது மட்டும், அது ஓடுதண்டு விட்டுச் சட்டியைத் தாண்டிப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: சட்டி

மெருகு பூசாத சுட்ட மண்சட்டிதான் என் முதல் தேர்வு. அதன் சுவரில் நுண்ணிய துளைகள் இருப்பதால் உள்ளே இருக்கும் மண் முழுக்க அடைபட்டுப் போவதில்லை. கனமாக இருப்பதால் மீன் தள்ளினாலும் சாயாது. வெளிப்புறச் சொரசொரப்பில் நன்மை செய்யும் பாக்டீரியாவும் குடியேறும். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, தேய்த்துக் கழுவிப் பயன்படுத்துங்கள். தோட்டத்தில் உரமும் பூச்சிமருந்தும் கண்ட பழைய சட்டி வேண்டாம். சுவர் அதையெல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும். வர்ணமோ பளபளக்கும் மெருகோ பூசியது, உலோக டப்பா, இவையும் வேண்டாம்.

அடியில் உள்ள துளையை அடைக்காமல் விடக்கூடாது. சின்ன மீன் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும், மண்ணும் ஒழுகும். அதற்காக சிமெண்ட் வைத்துப் பூசவும் வேண்டாம். ஒரு துண்டு பிளாஸ்டிக் வலையோ ஃபில்டர் ஸ்பாஞ்சோ வைத்தால் மண் நிற்கும், தண்ணீர் கொஞ்சம் ஊடாடும். பிறகு வேர் அதன் வழியே எட்டிப் பார்க்கும்.

கண்ணாடி ஜாடியும் டம்ளரும் பார்க்க நன்றாக இருக்கும். வேர் இறங்குவதை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் இரண்டு சிக்கல். சுவர் வழியாக எதுவும் ஊடாடாது, அதனால் சத்து மிகுந்த மண்ணை ஆழமாக நிரப்பினால் அடிப்பகுதி சீக்கிரம் கெடும். இன்னொன்று, பக்கவாட்டில் வெளிச்சம் படுவதால் கண்ணாடிக்கும் சல்லிக்கும் நடுவே பாசி பிடிக்கும். கண்ணாடியில் சல்லி மட்டும் போட்டு, அதற்கு முன்னால் ஒரு கல்லையோ மரக்கட்டையையோ சாய்த்து வைப்பது நல்லது. பிளாஸ்டிக் என்றால் உணவு வைக்கப் பயன்படும் தரத்தில் இருக்க வேண்டும். அது இலேசானது, அடியில் நாலு கூழாங்கல் போடாவிட்டால் சாயும்.

அளவு: கிரிப்டோகோரைனுக்கு 8 முதல் 10 செ.மீ. அகலமும் 8 செ.மீ. ஆழமும் இருந்தால் நிம்மதியாக இருக்கும். அமேசான் வாளுக்கு 15 செ.மீ. அகலமாவது வேண்டும். வாலிஸ்நேரியாவுக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். தண்டுச் செடியை ஒரு டம்ளரில் ஐந்தாறாக நட்டால்தான் புதர் மாதிரி தெரியும்.

சட்டி எடுக்கும் உயரத்தையும் கணக்குப் போடுங்கள். தண்ணீர் 35 செ.மீ. நிற்கும் தொட்டியில் 12 செ.மீ. சட்டி வைத்தால் செடிக்கு மிஞ்சுவது 23 செ.மீ. மட்டும்தான். விளக்குக்கும் செடி அவ்வளவு நெருக்கமாகிவிடும். உயரமான செடிக்குத் தாழ்ந்த சட்டி, குட்டைச் செடிக்கு உயரமான சட்டி என்று மாற்றி வைத்தால் சரியாக வரும்.

மூன்றாம் படி: உள்ளே என்ன நிரப்புவது?

மூன்று வழி இருக்கிறது. எளிய வழி, 2 முதல் 4 மி.மீ. பருமன் உள்ள சல்லியும் ரூட் டேப் எனப்படும் உர மாத்திரையும். சல்லியில் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், தள்ளிவையுங்கள். மாவு மாதிரி மெல்லிய மணலும் வேண்டாம். சட்டிக்குள் அது இறுகிக் கெட்டியாகிவிடும்.

இரண்டாவது, அடியில் மண், மேலே சல்லி. தொட்டி முழுக்க இப்படி அடுக்கும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட். அதையே சட்டி அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். மண் இரண்டரை முதல் 3 செ.மீ., அதன் மேல் சல்லி அதே அளவு. சாதாரணத் தோட்ட மண் போதும், கொஞ்சம் களிமண் கலந்திருந்தால் இன்னும் நல்லது. அதைச் சலித்து, குச்சி, இலை, புல்வேர் எல்லாம் நீக்கி, வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதை வடித்துக் கொட்டி, வெயிலில் காயவையுங்கள். மூன்று நான்கு முறை இப்படி நனைத்துக் காயவைத்தால் சீக்கிரம் அழுகக்கூடியதெல்லாம் போய், அடங்கிய மண் கிடைக்கும்.

மூட்டையில் வரும் பூச்செடிக் கலவையை அப்படியே போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை போட்டிருக்கிறேன். முதல் வாரம் செடி செழிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் சட்டியை லேசாக அசைத்ததும் பெரிய பெரிய குமிழிகள் கிளம்பின, தொட்டி மேல் அழுகிய முட்டை வாடை. வெளியே எடுத்துக் கவிழ்த்தால் மண் கரிக்கட்டை நிறம், வேர் தொட்டாலே தோல் உரிந்து வழுக்கியது. அந்தக் கலவையில் இருந்த தொழுவுரம் காற்றில்லாமல் அழுகியதுதான் காரணம். அதில் கலந்து வரும் வெள்ளை நிறப் பெர்லைட் உருண்டைகளும் மிதந்து வந்து ஃபில்டரை அடைக்கும்.

மூன்றாவது, அக்வாசாயில் எனப்படும் குறுமணி மண். வளர்ச்சி இதில்தான் அதிகம். பெரிய தொட்டிக்குப் பை பையாக வாங்க வேண்டியதை இங்கே கைப்பிடிக் கணக்கில் முடித்துவிடலாம். ஆனால் புதியது முதல் சில வாரம் அம்மோனியா விடும், மீனுக்கு அது விஷம்.

இங்கேதான் சட்டிக்கே உரிய வசதி ஒன்று இருக்கிறது. செடி நட்ட சட்டியை நேரே மீன் இருக்கும் தொட்டியில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, சட்டியை அதில் இறக்கி, வெளிச்சமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். முதலில் தண்ணீர் தேநீர் நிறமாகும், மேலே மெல்லிய ஏடு கட்டும். நாளாக ஆக இரண்டும் குறையும். அம்மோனியா சோதனைக் கரைசலில் பூஜ்யம் காட்டிய பிறகு சட்டி தொட்டிக்குள் போகலாம். தோட்ட மண் சட்டிக்கும் இதையே செய்யுங்கள். தொட்டி முழுக்க மண் பரப்புகிறவர்கள் மீன் விடக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்குத் தொட்டி அதன் பாட்டுக்கு ஓடும், சட்டி தனியாகப் பழுக்கும்.

நான்காம் படி: நடுவது, இறக்குவது

வாங்கிய செடி சின்ன வலைக்கூடையில், பஞ்சு போன்ற ராக்வூலில் வந்திருந்தால் அதை முழுக்க நீக்குங்கள். தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தால் வேர் அதிகம் அறாது. பழுப்பான வேரை வெட்டிவிட்டு, நல்ல வேரை 4, 5 செ.மீ. நீளத்தில் நிறுத்துங்கள். இலையில் நத்தை முட்டை இருக்கிறதா என்று பின்பக்கமும் பாருங்கள். பசை மாதிரி தெளிவாக ஒட்டியிருக்கும்.

மண்ணைச் சட்டியில் போடும் முன்பே நன்றாக ஈரமாக்கிச் சேறு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த மண்ணைப் போட்டுத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே சிக்கிய காற்று ஒரே மூச்சில் வெளியேறும்போது மேலே இருக்கும் சல்லியையும் தூக்கி எறிந்துவிடும். சேற்றைப் பரப்பி, அதன்மேல் கழுவிய ஈரச் சல்லியைப் போட்டு, விரலால் ஒரு குழி செய்து செடியை வையுங்கள். முதலில் தேவைக்குமேல் ஆழமாகவே அமுக்குங்கள். பிறகு, இலைகளெல்லாம் கூடும் அடிக்கழுத்து வெளியே தெரியும் வரை மெதுவாக மேலே இழுங்கள். இப்படி இழுக்கும்போது வேர்கள் கீழ்நோக்கி நீவிக்கொள்ளும். கழுத்து புதைந்தால் அது அழுகும், குறிப்பாக அமேசான் வாளில்.

தண்டுச் செடிக்கு அடியில் இரண்டு கணு இலையைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக ஒரு விரல் இடைவெளியில் நடுங்கள். கட்டாக நட்டால் நடுவில் இருப்பது கருகிவிடும்.

இப்போது சட்டியைத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். அவசரப்படாதீர்கள். இரண்டு கையாலும் பிடித்து, லேசாகச் சாய்த்து, விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் முதலில் தண்ணீரைத் தொடும்படி விடுங்கள். சல்லிக்குள் தண்ணீர் ஊறும்போது ஊசிமுனை மாதிரிக் குமிழிகள் வரிசையாக வரும். அவை நிற்கும் வரை அப்படியே பிடித்திருங்கள். அப்புறம் நிமிர்த்தி அடியில் உட்கார வையுங்கள். மண்சட்டிக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று இருந்தால் கண்ணாடியில் கீறல் விழாது. பின்பக்கக் கண்ணாடியிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடுக்கில்தான் எல்லா அழுக்கும் சேரும்.

தோண்டும் மீன் இருந்தால் சல்லியின் மேல், மீனின் வாய்க்கு அடங்காத பருமனில் கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கிவிடுங்கள். தங்கமீன் மென்மையான இலையைத் தின்றும்விடும். அந்தத் தொட்டிக்கு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும்தான் பொருத்தம்.

முதல் ஆறு வாரம்

நீர்ச்செடிப் பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் நீடிக்காது. மஞ்சளாகும், ஓட்டை விழும், கரையும். செடி செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் போடுபவர்கள் பலர். தயவுசெய்து பொறுங்கள். கரைந்த இலையை மட்டும் அடியோடு வெட்டி எடுங்கள். கழுத்து கெட்டியாக இருக்கும் வரை செடிக்கு உயிர் இருக்கிறது. நடுவிலிருந்து வரும் புது இலை வேறு வடிவத்தில், வேறு நிறத்தில்கூட வரும். அதுதான் தண்ணீருக்குரிய இலை. கிரிப்டோகோரைன் ஒரு இலைகூட மிஞ்சாமல் கரைந்துவிட்டு, ஒரு மாதத்தில் வேரிலிருந்து துளிர்த்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்களில் விளக்கு தினமும் ஆறு மணிநேரம் போதும். புது இலை வந்த பிறகு எட்டு மணிநேரமாக ஏற்றலாம். செடி உறங்கிக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் அதிகம் கொடுத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வது பாசிதான்.

உரம்

சல்லிச் சட்டிக்கு முதல் புது இலை வந்ததும் ஒரு உர மாத்திரை. இடுக்கியால் அடிவரை, வேரை ஒட்டிச் செருகுங்கள். மேலாக வைத்தால் கரைந்து தண்ணீரில் கலந்து பாசிக்குப் போய்விடும். சிறிய சட்டிக்குப் பாதி மாத்திரையே போதும், ஏனென்றால் இங்கே உரம் பரவிப் போக இடமில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வையுங்கள். மண் நிரப்பிய சட்டிக்கும் அக்வாசாயில் சட்டிக்கும் பல மாதம் எதுவும் தேவைப்படாது.

எது குறைகிறது என்று இலையே சொல்லும். பழைய இலை முழுக்க மஞ்சளானால் பெரும்பாலும் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து. செடி நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி எடுத்துக்கொடுக்க முடியாது. அதனால்தான் குறை தெரியும் இடம் மாறுகிறது.

பாசியை அழிக்க விற்கும் குளூட்டரால்டிஹைடு திரவத்தை வாலிஸ்நேரியா இருக்கும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அது தாங்காது, கரைந்துவிடும்.

வாராந்தர வேலை

தண்ணீர் மாற்றும்போது சட்டிகளைச் சுற்றி சைஃபன் குழாயை ஓட்டுங்கள். சட்டியின் மேல்பரப்பில் குழாயை ஒரு விரல் உயரத்தில் பிடித்தால் அழுக்கு மட்டும் போகும், சல்லி நிற்கும். மாதம் ஒருமுறை சட்டியை நகர்த்தி அடியையும் சுத்தம் செய்யுங்கள். அடிமணல் இல்லாத தொட்டியில் பாக்டீரியா தங்க இடம் குறைவு. அந்தப் பொறுப்பு முழுக்க ஃபில்டரிடம் இருக்கிறது. ஆகவே ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மண் நிரப்பிய சட்டி என்றால் மெல்லிய மூங்கில் குச்சியால் மாதம் ஒருமுறை ஓரங்களில் அடிவரை குத்தி விடுங்கள். சின்னக் குமிழி வருவது இயல்பு. வாடை வந்தால் கவனியுங்கள். ஆரோக்கியமான வேர் ஆக்சிஜனை மண்ணுக்குள் கசியவிடும். அதனால் செடி நன்றாக வளரும் சட்டி பொதுவாகக் கெடாது, வளராமல் நிற்கும் சட்டிதான் கெடும். கெட்டுவிட்டது என்று தெரிந்தால் தொட்டிக்குள் வைத்துக் கிளறாதீர்கள். ஒரு தட்டில் ஏந்தி வெளியே எடுத்து, கறுத்த வேரை வெட்டி, புது மண்ணில் நடுங்கள்.

சட்டி நிறைந்ததும்

அடித்துளை வழியே வெள்ளை வேர் கற்றையாக வருவது, புது இலை முன்னைவிடச் சிறிதாவது, இவைதான் அடையாளம். அமேசான் வாளில் இது ஒரு வருடத்துக்குள்ளேயே வரலாம். வெளியே எடுத்துக் கவிழ்த்து, வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துவிட்டுப் பெரிய சட்டிக்கு மாற்றுங்கள். கிரிப்டோகோரைனில் கூட்டமாக முளைத்திருக்கும் குட்டிகளை வேரோடு பிரித்துத் தனித்தனிச் சட்டியில் வைக்கலாம்.

வாலிஸ்நேரியாவின் ஓடுதண்டு விளிம்பைத் தாண்டும் நாளில் அதைக் கத்தரிக்க வேண்டாம். பக்கத்தில் சல்லி நிரப்பிய காலிச் சட்டி ஒன்றை ஒட்டி வைத்து, தண்டின் நுனியில் இருக்கும் குட்டியை அதன்மேல் வளைத்து ஒரு கூழாங்கல்லால் அழுத்திவிடுங்கள். குட்டிக்கு விரல் நீளத்தில் நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்த பிறகு இணைப்பை வெட்டினால் போதும்.